இசைத்தட்டு அலமாரி – 11: துருப்பிடிக்கவென்றே ஒரு பெட்டி

வெர்வ் நிறுவனம் 1997-இல் பில் எவன்ஸ் தங்களிடம் செய்த பதிவுகளையெல்லாம் திரட்டி, 18 சிடிக்கள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. பெட்டி வெறும் இரும்புத் தகடு. துருப்பிடிக்க வேண்டும் என்றே அப்படிச் செய்தார்கள். வாங்கும்போதே அதன் மேல் செம்பழுப்பு படர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் துரு தன் வேலையை நிறுத்தாது. அலமாரிப் பலகையில் தடம் பதிக்கும், பக்கத்தில் நிற்கும் இசைத்தட்டின் உறையில் ஒட்டும், எடுத்தவர் விரலில் பொடியாக உதிரும்.

பில் எவன்ஸ் யார் என்று தெரிந்தவர்களுக்கு இதன் வேடிக்கை புரியும். தடித்த கண்ணாடி, பியானோ கட்டைகளுக்கு மேல் கிட்டத்தட்ட நெற்றி படும் அளவுக்குக் கவிழ்ந்த தலை, அதிராத விரல்கள். ஜாஸ் பியானோவில் மென்மைக்குப் பெயர் போன மனிதர். அவரைக் கேட்க உட்காருவதற்கு முன்னும் கேட்டு முடித்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று ஒரு வடிவமைப்பாளர் முடிவு செய்துவிட்டார். ஒவ்வொரு பெட்டியும் தன் போக்கில் துருப்பிடிப்பதால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, அதுதான் அழகு என்று கொண்டாடுபவர்களும் உண்டு. அவர்கள் கடற்கரை ஊர்களில் குடியிருப்பவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். சென்னை உப்புக் காற்றில் அந்தப் பெட்டியின் அழகு கொஞ்சம் வேகமாகவே கூடும்.

சென்ற வாரங்களில் இசையைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் இசையைப் பொதிந்து தருகிற அட்டை, தகடு, காகிதம் பற்றி. எல்லாமே கைபேசியில் கேட்கக் கிடைக்கிற காலத்தில் இது வீண் ஆராய்ச்சி என்று சிலருக்குத் தோன்றலாம். பாக்ஸ் செட் சேர்ப்பவர்களோடு அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். ஒரே பாட்டைப் பலமுறை வாசித்துப் பதிவு செய்ததில் எந்த டேக் சிறந்தது என்பதில் வரும் சண்டையைவிட, சிடியை எதில் வைத்திருக்கிறார்கள் என்பதில் வரும் சண்டை பெரிது. அது நியாயமான சண்டை என்பது என் கட்சி. ஒரு கலைஞரை எந்த வரிசையில் கேட்பது, யார் சொல்லும் விளக்கத்தோடு கேட்பது, எத்தனை முறை எடுத்துக் கேட்பது என்பதையெல்லாம் பெட்டி செய்கிறவர் நமக்காக முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட இரண்டு பேர் மைக்கேல் கஸ்கூனாவும் சார்லி லூரியும். எழுபதுகளில் கஸ்கூனா ப்ளூ நோட் நிறுவனத்தின் ஒலிநாடாக் கிடங்கில் புகுந்து, வெளிவராத பதிவுகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் வெளிவராத பதிவுகள் அரை மணி நேரத்துக்குச் சிக்கின. தனி இசைத்தட்டு போட அது போதாது. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. மங்க் ப்ளூ நோட்டுக்காக வாசித்த அத்தனையையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்தால் இந்த அரை மணி நேரமும் அதற்குள் இடம் பிடித்துக்கொள்ளும் என்ற யோசனையில் பிறந்ததுதான் அவர்கள் இருவரின் மொசைக் ரெக்கார்ட்ஸ். அமெரிக்காவில் 1983-இல் முதல் பெட்டி வந்தது. நான்கு எல்பிக்கள், மங்க்.

மொசைக் பெட்டிகளைக் கடையில் பார்க்க முடியாது. தபாலில்தான் விற்றார்கள். பதிவுகள் பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. அவர்களிடம் உரிமம் வாங்கி, பெரும்பாலும் 5,000 அல்லது 7,500 பிரதிகள் என்று வரம்பு கட்டி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு அனுப்புவார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். நாட் கிங் கோலின் கேப்பிட்டல் ட்ரையோ பதிவுகளை 1991-இல் 18 சிடிக்களாகவும், எல்பி வேண்டும் என்றவர்களுக்கு 27 எல்பிக்களாகவும் தந்தார்கள். சிடியின் விட்டம் 12 சென்டிமீட்டர்தான். அதற்குச் சின்னப் பெட்டி போதும். ஆனாலும் சிடி தொகுப்புகளுக்கும் எல்பி அளவை ஒட்டிய பெரிய சதுரப் பெட்டியையே வைத்துக்கொண்டார்கள். காரணம் உள்ளே இருக்கும் புத்தகம்.

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கண்ணை இடுக்காமல் படிக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படங்கள். ப்ளூ நோட் தொகுப்பு என்றால் பெரும்பாலும் ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்தவை. வுல்ஃப் பெர்லினில் பிறந்தவர், நாஜிகளிடமிருந்து தப்பி 1939-இல் நியூயார்க் வந்தவர்; ஆல்ஃபிரட் லயனோடு சேர்ந்து ப்ளூ நோட்டை நடத்தியபடியே, பதிவுக்கூடத்தில் ஓர் ஓரமாக நின்று படம் எடுத்தவர். வாயில் சிகரெட், கழுத்தில் வியர்வை, அடுத்த டேக்குக்காகக் காத்திருக்கும் முகம். இவ்வளவு பெரிதாக அச்சிட்டால்தான் அந்த வியர்வை தெரியும். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எந்தத் தேதியில், எந்தக் கூடத்தில், யார் யார் எதை வாசித்தார்கள் என்ற பட்டியல். அதை ஒரு தடவை மடியில் விரித்து வைத்துக் கேட்டுப் பழகியவருக்கு, பிறகு வெறும் சிடியைக் கேட்பது சிரமம்.

மொசைக்கின் டீன் பெனடெட்டி தொகுப்பு இன்னும் ஒரு படி மேல். பெனடெட்டி ஒரு சாக்ஸஃபோன் கலைஞர்; சார்லி பார்க்கர் மேல் பித்து. 1947, 48 ஆண்டுகளில் பார்க்கர் வாசித்த கிளப்புகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போவார். பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் பதிவு செய்வார். மற்றவர்கள் முறை வந்தால் கருவியை நிறுத்திவிடுவார். தட்டும் நாடாவும் விலை ஆயிற்றே! ஆகவே கிடைத்தவை பெரும்பாலும் தலையும் இல்லாத வாலும் இல்லாத துணுக்குகள். அவற்றை ஜாஸ் ஆய்வாளர் ஃபில் ஷாப் சுத்தம் செய்துகொடுக்க, 1990-இல் ஏழு சிடிக்களில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு துணுக்கும் எந்தப் பாட்டின் எந்த இடம் என்று சொல்லும் புத்தகம் கூடவே வந்தது. அந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது கரகரப்பும் நடுநடுவே ஒரு மேதையும்தான். பொதி என்பது அலங்காரம் என்று வாதிடுபவர்களுக்கு நான் காட்டுவது இந்தத் தொகுப்பைத்தான்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் நிற்பவை டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்குக் கொலம்பியா நிறுவனம் செய்த பெட்டிகள். 1996-இல், இசைக்கோர்ப்பாளர் கில் எவன்ஸோடு மைல்ஸ் சேர்ந்து செய்த பதிவுகளில் தொடங்கி 2007 வரை, முதுகில் உலோகப் பட்டையும் உள்ளே நல்ல தாளுமாக ஒவ்வொன்றாக வந்தன. வரிசையாக நிற்க வைத்தால் சட்டப் புத்தகம் மாதிரி ஒரு கம்பீரம். ஆனால் சிடிக்கள் குடியிருப்பது அட்டைப் பக்கங்களின் இறுக்கமான இடுக்குகளில். வெளியே எடுக்க இரண்டு விரலால் கிள்ளி இழுக்க வேண்டும். இழுக்கும்போது விரல்ரேகை பதியும், அட்டை உரசிக் கீறல் விழும். சேகரிப்பாளர்கள் செய்கிற முதல் வேலை, சிடிக்களை மென்மையான தாள் உறைகளுக்கு மாற்றி வேறோர் இடத்தில் வைப்பது. அப்புறம் அந்தக் கம்பீரமான பெட்டி வெறும் காலிக் கட்டடம்.

அந்தப் பெட்டிகளில் அட்டை இடுக்கைவிடப் பெரிய தகராறு உள்ளே இருக்கும் வரிசைதான். மைல்ஸின் ஜாக் ஜான்சன் 1971-இல் வந்த எல்பி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு நீண்ட உருப்படிகள். தயாரிப்பாளர் டியோ மசேரோ மணிக்கணக்கான நாடாக்களை வெட்டி ஒட்டிச் செய்தது. 2003-இல் வந்த ஐந்து சிடி தொகுப்பு, வெட்டுவதற்கு முந்தைய மூலங்களை அப்படியே தந்தது. முதல் சிடியை ஓட்டினால் ஒரே உருப்படி ஆறு முறை வருகிறது. நாம் தேடிப் போன ஆல்பம் ஐந்தாவது சிடியின் கடைசியில் இருக்கிறது. வெட்டி ஒட்டிய மசேரோவுக்கே இப்படிக் கிடங்கைத் திறந்து கொட்டுவது பிடிக்கவில்லை. அதை வெளிப்படையாகவே சொன்னார். அவர் பக்கம்தான் நான். ஆய்வாளருக்கு அந்த ஐந்து சிடியும் பொக்கிஷம், மறுக்கவில்லை. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் கேட்க உட்காருகிறவருக்கு அது தண்டனை.

ரைனோ நிறுவனம் 1995-இல் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் அட்லாண்டிக் பதிவுகளைத் தொகுத்தபோது இதைச் சாமர்த்தியமாகத் தீர்த்தது. தேறிய டேக்குகள் ஆறு சிடிக்களில், பதிவான வரிசையில். தேறாதவற்றில் பல ஏழாவது சிடியில் தனியாக. வேண்டுபவர் ஏழாவதை எடுக்கலாம். மேடைப் பதிவு என்றால் கதை வேறு. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் 1961 நவம்பரில் கோல்ட்ரேன் வாசித்த நான்கு இரவுகளை நான்கு சிடிக்களில் இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அதில் ‘இந்தியா’ என்ற உருப்படி நான்கு தடவை வருகிறது. நம் இசையில் மனம் தோய்ந்து, பின்னாளில் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்த மனிதர் அதே உருப்படியை ஒவ்வோர் இரவும் வேறு வாசல் வழியாக நுழைந்து வாசிக்கிறார். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இதில் அலுப்பே கிடையாது. இங்கே ஒரு டேக்கைக் குறைத்திருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

ஆடம்பரம் எல்லாமே வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. 2004-இல் ரெவனன்ட் என்ற சிறு நிறுவனம் சாக்ஸஃபோன் கலைஞர் ஆல்பர்ட் ஐலருக்கு ஒரு பெட்டி செய்தது. கையால் செதுக்கிய பெட்டி ஒன்றை அச்சாக வைத்து வார்த்த கறுப்புப் பேழை. உள்ளே ஒன்பது சிடிக்கள், 208 பக்கங்களில் கெட்டி அட்டைப் புத்தகம், பழைய துண்டறிக்கைகளின் நகல்கள், பதப்படுத்திய ஓர் உலர்ந்த பூ. ஐலர் வாழ்நாளில் சரியான அங்கீகாரம் காணாதவர். 1970-இல் 34 வயதில் நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் பிணமாக மிதந்தார். கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கில் அவர் வாசித்ததன் பதிவும் இந்தப் பேழையில் இருக்கிறது. அந்த வாசிப்பைக் கேட்ட பிறகு உலர்ந்த பூ மிகையாகத் தெரியவில்லை. பில் எவன்ஸுக்குத் துரு எதற்கு என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐலருக்குப் பூ எதற்கு என்று கேட்கத் தோன்றவே இல்லை.

மூன்றாவது ஒரு ரகம் இப்போது சந்தையைப் பிடித்திருக்கிறது. பழைய எல்பி உறையை அப்படியே சிடி அளவுக்குச் சுருக்கி, கட்டுக்கட்டாக ஒரு பெட்டியில் அடுக்கித் தருவது. மைல்ஸின் கொலம்பியா ஆல்பங்கள் முழுவதும் 2009-இல் இப்படி 70 சிடிக்களாக வந்தன. பார்க்க அழகு, இடம் குறைவு, ஒரு சிடிக்கு என்று கணக்குப் போட்டால் விலையும் மலிவு. ஆல்பங்கள் அன்று வந்தபடியே இருப்பதால் வரிசைக் குழப்பமும் இல்லை. ஆனால் எல்பியின் பின்னட்டையில் அன்றைய விமர்சகர்கள் எழுதிய குறிப்புகளும் கூடவே சுருங்கிப்போயின. பூதக்கண்ணாடி வைத்தாலும் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. அந்தக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் தனியாக அச்சிட்டுத் தர எவ்வளவு செலவாகிவிடும்?

சுருங்கிய உறைகளில் ஜப்பான்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. தாளின் சொரசொரப்பு முதல் முதுகில் எழுத்து ஏறும் இடம் வரை அசல் எல்பியோடு பொருந்தும். அங்கே டிஸ்க் யூனியன் என்ற கடை, ஒரு கலைஞரின் தாள் உறை சிடிக்களை மொத்தமாக வாங்குபவர்களுக்கு அவற்றை அடுக்கி வைக்க ஒரு காலிப் பெட்டியை இலவசமாகத் தருகிறது. ஏதாவது ஒரு புகழ்பெற்ற ஆல்பத்தின் அட்டைப்படம் அதன் மேல் இருக்கும். அந்தக் காலிப் பெட்டிகள் தனியாகவே கைமாறுகின்றன, காசு கொடுத்து. இசையே இல்லாத இசைப் பெட்டி!

மலிவு ரகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டுகள்தான். 70 என்று நீட்டியபோது 1962 வரை வெளியானவை ஏற்கெனவே பொதுச்சொத்தாகிவிட்டிருந்தன. அதனால் ஐம்பதுகளின் ஜாஸ் ஆல்பங்களை யார் வேண்டுமானாலும் நாலு சிடியில் எட்டு என்று அடைத்து அங்கே விற்கலாம். வாசித்தவர்கள் பெயர்கூட சில நேரம் இருக்காது. கேட்டுப் பார்த்துப் பிடித்தால் நல்ல பதிப்பை வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு உதவும்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சிடி கீறல் இல்லாமல் வெளியே வருமா? புத்தகத்தைக் கண்ணாடி போட்டாவது படிக்க முடியுமா? ஆல்பம் ஆல்பமாக இருக்கிறதா, அல்லது டேக்குகளின் குவியலா? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் பெட்டி வெறும் கறுப்பு அட்டையாக இருந்தாலும் போதும்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்பதுகளில் வந்த தடித்த இரட்டை சிடி பெட்டிகளில், சிடி ஆடாமல் இருக்க மெல்லிய நுரைத் தாள் ஒன்று வைத்திருப்பார்கள். அந்த நுரை வருடக்கணக்கில் இளகிப் பிசுபிசுத்து, சிடியின் அச்சிட்ட பக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிய்த்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும், பாட்டும் போய்விடும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்து அந்த நுரையை எடுத்து எறிந்துவிடுங்கள்.

(தொடரும்)