சிலுவையின் பக்கம் யாருடைய படை நின்றது?

தம்பி, தேத்தண்ணியைக் குடியுங்கள். உங்கள் கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாது. பழைய ரோமாபுரியின் கோயில்களையும் அறிவையும் அழித்தது கிறிஸ்தவமா, ஏழைக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் கொடுத்தது கிறிஸ்தவமா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் சான்று இருக்கிறது. அதனால்தான் வழக்கு இன்னும் முடியவில்லை.

303இல் பேரரசன் டயோக்கிளீசியன் தேவாலயங்களை இடிக்கவும் வேதநூல்களை எரிக்கவும் ஆணையிட்டான். 313இல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார்கள். 380இல் தியோடோசியஸ், குடிமக்கள் எல்லோரும் நைசியா வழிக் கிறிஸ்தவ விசுவாசத்தையே ஏற்க வேண்டும் என்றான். பாட்டன் அடி வாங்கினான். பேரன் கையில் கோல் வந்தது. 391, 392 அளவில் அலெக்சாந்திரியாவின் செராபிஸ் கோயில் தரைமட்டமானது. 415இல் அதே நகரில், கணிதம் கற்பித்த ஹைப்பேஷியாவைக் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று கொன்றது.

ஆனால் நான்காம் நூற்றாண்டிலேயே செசரியாவின் ஆயர் பசில், வறியவருக்கும் நோயாளருக்கும் பெரிய இல்லம் எழுப்பினார். பழைய தெய்வங்களை மீட்க முயன்ற பேரரசன் ஜூலியன், கிறிஸ்தவர்கள் நம்மவரின் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்களே என்று தன் பூசகர் ஒருவருக்கு மனம் நொந்து எழுதினான். எதிரியே தந்த சாட்சி அது.

இனி நம் தீவுக்கு வருவோம். ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் எழுதிய நூலில், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் தேவாலயம் ஒன்று இருந்ததாகவும், அதன் குரு பாரசீகத்தில் நியமிக்கப்பட்டு வந்ததாகவும் குறிப்பு உண்டு. மன்னரும் மக்களும் வேறு சமயத்தவர் என்றும் அவர் சொல்கிறார். 1912இல் அனுராதபுரத்தில் கருங்கல்லில் செதுக்கிய சிலுவை கிடைத்தது. போர்த்துக்கேயர் காலத்தது என்று முதலில் கருதினார்கள். பிறகு வரலாற்றாய்வாளர் கொட்ரிங்டன் அதைக் கோஸ்மாஸ் சொன்ன பாரசீகரோடு இணைத்தார். அந்தப் பாரசீகத் திருச்சபை ரோமப் பேரரசுக்கு வெளியே வளர்ந்தது. அதன் வழியை ரோமச் சபை பிழையென்றே பார்த்தது. வணிகராக வந்து, பிற சமய மன்னனின் நிழலில் வழிபட்ட அவர்கள் இங்கே ஒரு கோயிலையும் இடித்ததாகச் செய்தி இல்லை. இடிக்க அவர்களிடம் படை இல்லை.

படையோடு வந்தவர்கள் போர்த்துக்கேயர். 1622இல் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்தார்கள். 1628இல் நம் மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர், பின்னர் தங்கள் ஆட்சி எல்லைக்குள் கத்தோலிக்கக் குருமாரையே தடைசெய்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து வந்த குரு யோசேப் வாஸ் மாறுவேடத்தில்தான் பூசை வைக்க வேண்டியிருந்தது. சிலுவை இரு பக்கமும் இருந்தது. கோட்டை ஒரு பக்கம்தான் இருந்தது.

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த ஆண்டே இறந்தார். அதுவும் ஒரு பேரரசின் பின்னால் வந்த பணிதான், மதமாற்றமும் அதன் நோக்கம்தான். அதை மறைக்க வேண்டாம். ஆனால் மிஷன் பள்ளிக் கல்வியை நம்மவர்கள் தங்கள் வழியில் பயன்படுத்தினார்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் இங்குள்ள புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். அவரே துறவியாகி, கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை வளர்த்தார். பெற்ற கல்வியை அவர் வெறுக்கவும் இல்லை, அதற்காகத் தன் சமயத்தை விடவும் இல்லை.

ஆகவே தம்பி, நல்லதா கெட்டதா என்று ஒரு சமயத்தை மொத்தமாக நிறுக்காதீர்கள். ஒவ்வொரு நிகழ்வையும் எடுத்து, அப்போது சட்டமும் படையும் யார் கையில் இருந்தன என்று கேளுங்கள். இடித்ததை இடித்தது என்றே எழுதுங்கள், கொடுத்ததைக் கொடுத்தது என்றே எழுதுங்கள். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துவிட வேண்டாம். இதே அளவுகோலை நம் சமயத்துக்கும், இந்தத் தீவின் எல்லாச் சமயங்களுக்கும் வைக்கத் துணிந்தால்தான் நாம் பேசுவது வரலாறு.