ஆகஸ்டில் நின்றுபோகும் ஸ்கிரிப்ட்

ஜூலை வரை ஒழுங்காக ஓடிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று ஆகஸ்ட் பிறந்ததும் பிழை காட்டி நின்றுவிடும். செப்டம்பரிலும் அதே கதை. அக்டோபரில் யாரும் கை வைக்காமலே சரியாகிவிடும். லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் பலர் இந்தக் கோளாறோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பூஜ்யம்.

மாதத்தை 'டேட்' கட்டளையிடம் கேட்டால் 07, 08, 09 என்று இரண்டு இலக்கமாகத் தரும். அதில் ஒன்றைக் கூட்டவோ கழிக்கவோ சொன்னால், பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டின் அடிமானத்தில் எழுதியதாக பாஷ் ஷெல் எடுத்துக்கொள்ளும். அந்த முறையில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். ஆகவே 07 தப்பிக்கும், 08 மாட்டிக்கொள்ளும். 010 என்று கொடுத்தாலோ பிழையே வராது; சத்தமில்லாமல் அதை 8 ஆக்கிவிடும். பிழை காட்டுவதைவிட இதுதான் ஆபத்து. எண்ணுக்கு முன்னால் 10# சேர்த்து, $((10#08)) என்று எழுதினால் பத்தின் அடிமானம் என்று ஷெல்லுக்குப் புரிந்துவிடும்.

ஷெல் பிறந்தது கணக்குப் போடுவதற்காக அல்ல, மற்ற நிரல்களை ஏவுவதற்காக. அதன் கண்ணுக்கு எல்லாமே எழுத்துச் சரம்தான். 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த பார்ன் ஷெல்லுக்குத் தானாகக் கூட்டத் தெரியாது. 'எக்ஸ்பர்' என்ற தனி நிரலைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு கூட்டலுக்கும் ஒரு புதிய புராசஸ்! பெருக்கல் குறியான * கோப்புப் பெயர்களாக விரிந்துவிடும் என்பதால், அதற்கு முன்னால் \ போட்டுத் தடுக்கவும் வேண்டும். பெல் ஆய்வகத்தில் டேவிட் கார்ன் எழுதிய கார்ன் ஷெல் கணக்கை ஷெல்லுக்குள்ளேயே கொண்டுவந்தது. 1989-இல் வெளிவந்த பாஷும் அந்த வழியில் வந்ததுதான். இன்று $((...)) என்ற வடிவம் பாசிக்ஸ் தரத்திலேயே இருக்கிறது.

ஆனால் பாஷுக்குத் தெரிந்தது முழு எண் மட்டுமே. $((7/2)) என்றால் 3. சதவீதம் பார்க்க $((2/3*100)) என்று எழுதினால் விடை 0. $((2*100/3)) என்றால் 66. முதலில் பெருக்கு, பிறகு வகு. தசமம் வேண்டுமென்றால் 'பீசி' அல்லது 'ஆக்' நிரலிடம் போக வேண்டும். பீசியிலும் எத்தனை தசம இடம் என்று 'ஸ்கேல்' மூலம் சொல்லாவிட்டால் 7/2 என்பது 3தான். இரண்டு இடம் கேட்டால் 2/3-க்கு .66 என்று வெட்டித் தரும், முழுமையாக்காது.

விடையை அழகாகக் காட்டுவது 'பிரிண்ட்எஃப்' கட்டளையின் வேலை. முன்னால் பூஜ்யம் நிரப்பி 42-ஐ 00042 ஆக்கும், தசம இடங்களை முழுமையாக்கும், பட்டியலில் எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்தும். லோகேலை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றி, சதவீதக் குறிக்குப் பின் ஒற்றை மேற்கோள் குறி சேர்த்தால், 1234567 என்பதை நம் லட்சக் கணக்குப்படி 12,34,567 என்று அச்சிடும். அமெரிக்க லோகேலில் அதே எண் 1,234,567.

அப்படி அலங்கரித்த எண்ணை மறுபடி கணக்குக்குள் விட்டுவிடக் கூடாது. $((1,50,075)) என்று கொடுத்துப் பாருங்கள். காற்புள்ளியைத் தனித்தனிக் கணக்குகளைப் பிரிக்கும் குறியாக பாஷ் படிக்கும். கடைசித் துண்டான 075-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். அதையும் எட்டின் அடிமானத்தில் படித்து 61 என்று விடை சொல்லும். ஒன்றரை லட்சம் ரூபாய் 61 ரூபாயாகிவிடும், எச்சரிக்கைகூட வராது.

எண்ணைக் கடைசி வரை வெறும் இலக்கங்களாகவே வைத்திருங்கள். காற்புள்ளியும் முன்பூஜ்யமும் அச்சிடும் வரியில் மட்டும் வரட்டும். பணக் கணக்கு என்றால் ரூபாயை விட்டுவிட்டுப் பைசாவில் கூட்டிக் கழியுங்கள். பாஷின் உச்ச எண் 9223372036854775807. எந்த அலுவலகத்தின் பைசாக் கணக்குக்கும் அது போதும்.