மடைப்பள்ளியிலிருந்து மெனு அட்டை வரை

ஞாயிற்றுக்கிழமை மாலை அர்ச்சனை முடிந்து, நெற்றியில் குங்குமமும் பையில் தேங்காய் மூடியுமாகக் கோயிலை விட்டு வெளியே வருகிற குடும்பம் இப்போதெல்லாம் நேராக வீடு திரும்புவதில்லை. சன்னிதித் தெருவைத் தாண்டியதும் இருக்கிற சைவ ஓட்டலில் போய் அமர்கிறது. சர்வர் கொண்டுவந்து வைக்கும் மெனு அட்டை ஒரு சிறு புத்தகத்தின் கனம் இருக்கும். இட்லி, தோசையில் தொடங்கி, நான், பனீர், நூடுல்ஸ், பேல்பூரி, பீட்சா என்று அது நாலு திசைக்கும் போய் வரும். பேரனுக்கு கோபி மஞ்சூரியன், மருமகளுக்கு சோலே பட்டூரா, தாத்தாவுக்கு இரண்டு இட்லி. பாட்டி மட்டும் அட்டையைத் திறக்காமலே கேட்கிறார்: "தம்பி, வெங்காயம் பூண்டு இல்லாம என்னப்பா இருக்கு?"

இந்தக் கேள்வி இன்று இயல்பாகத் தோன்றுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆசாரமான குடும்பத்தினர் ஓட்டல் வாசலில் நின்று கேட்ட கேள்வி வேறு. இலையில் என்ன விழும் என்பதில் அவர்களுக்கு அவ்வளவாக ஐயம் இல்லை. சமைத்தவர் யார், பக்கத்து இலையில் உட்காரப் போகிறவர் யார் என்பவையே அன்றைய கவலைகள். 'யார்' என்ற கேள்வி மெல்ல மறைந்து 'என்ன' என்ற கேள்வி அந்த இடத்துக்கு வந்த வரலாற்றை அறிய உடுப்பிக்குப் போக வேண்டும்.

இன்று கர்நாடகத்தில் இருக்கும் உடுப்பி, 1956 வரை சென்னை ராஜ்யத்தின் தென் கன்னட மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 13ஆம் நூற்றாண்டில் மத்வாசாரியர் அங்கே பிரதிஷ்டை செய்த பாலகிருஷ்ணன், கையில் மத்தும் கயிறும் ஏந்தி மேற்கு நோக்கி நிற்கிறான். 'அன்ன பிரம்மன்' என்றே பக்தர்கள் அவனைப் போற்றுகிறார்கள். எட்டு மடங்கள் முறை வைத்துப் பூஜை செய்கின்றன. முறை, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜனவரி 18ஆம் நாள் கைமாறும். பர்யாயம் எனப்படும் அந்த விழாவில், பொறுப்பை விட்டுப் போகும் சுவாமிகள் பொறுப்பேற்கும் சுவாமிகளிடம் அட்சய பாத்திரத்தையும் கரண்டியையும் ஒப்படைக்கிறார். பூஜைப் பொறுப்போடு வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் பொறுப்பும் சேர்ந்தே கைமாறுகிறது என்பது இதன் பொருள். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே பந்தியில் அமர்கிறார்கள்.

அந்த மடைப்பள்ளியின் விதிகள் கண்டிப்பானவை. வெங்காயமும் பூண்டும் உள்ளே வருவதில்லை. சாதுர்மாஸ்ய விரதத்தின் நான்கு மாதங்களில் முதல் மாதம் காய்கறி, அடுத்து தயிர், அடுத்து பால், கடைசி மாதம் பருப்பு வகைகள் என்று ஒவ்வொன்றாக விலக்கப்படும். கையைக் கட்டிப்போட்டாற்போன்ற அந்த விதிகளுக்குள் சுவை குன்றாமல் சமைக்கப் பழகிய சமையற்காரர்களே பின்னாளில் ஊர் ஊராகப் போய் ஓட்டல் வைத்தார்கள். உடுப்பியை அடுத்த மட்டு என்ற கிராமத்தில் விளையும் பச்சை நிற உருண்டைக் கத்தரிக்காயின் விதையை வாதிராஜ சுவாமிகள் அருளினார் என்பது ஐதிகம். 'மட்டு குள்ளா' எனப்படும் அந்தக் கத்தரிக்காய் 2011இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

கண்டிப்பு சமையலோடு நிற்கவில்லை. கனகதாசர் குறும்பர் குலத்தில் பிறந்தவர் என்பதால் கோயிலுக்குள் அனுமதிக்கப்படவில்லை என்பதையும், அவர் சுவருக்கு வெளியே நின்று பாடப் பாட, கிருஷ்ணன் திரும்பிச் சுவரின் பிளவு வழியே தரிசனம் தந்தான் என்பதையும் அறியாத பக்தர் இல்லை. 'கனகன கிண்டி' என்ற அந்தச் சாளரம் இன்றும் அங்கே இருக்கிறது. தரிசனத்துக்குச் சுவர் வழிவிட்ட தலத்திலேயே பந்திக்குச் சுவர் நெடுநாள் நின்றது. தனிப் பந்தி வழக்கம் குறித்த வாதங்கள் அண்மைக் காலம் வரை தொடர்ந்தன. பக்தியோடு நினைத்துப் பார்க்க வேண்டிய முரண் இது.

ஓட்டல் கதைக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் கன்னடத்து இளைஞர்கள் பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் புறப்பட்டார்கள். 1923ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பலரை ஊரைவிட்டுப் பெயர்த்தது. அவர்களில் பலருக்குக் கைமுதல், தெரிந்த சமையலும் 'உடுப்பி' என்ற பெயரும்தான். கோயில் ஊரின் பெயர் பலகையில் இருந்தால் ஆசாரமானவர்கள் தயங்காமல் உள்ளே வருவார்கள். வணிகக் கணக்கில் அது பெரிய மூலதனம். (அதே உடுப்பியில்தான் 1906இல் ஹாஜி அப்துல்லா தொடங்கிய கார்ப்பரேஷன் வங்கியும், 1925இல் பிறந்த சிண்டிகேட் வங்கியும் உருவாயின. தினம் இரண்டணா சேமிக்க வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பிய 'பிக்மி' திட்டத்தை 1928இல் கொண்டுவந்தது சிண்டிகேட். சோற்றிலும் காசிலும் சிறுகச் சிறுகச் சேர்க்கும் ஊர் போலும்!)

சமையற்கட்டு எடுபிடியாகத் தொழிலைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ், 1938இல் சென்னை ராயப்பேட்டையில் மரங்கள் அடர்ந்த ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து 'உட்லண்ட்ஸ்' ஓட்டலைத் தொடங்கினார். 1962இல் கதீட்ரல் சாலையில் தோன்றிய 'டிரைவ்-இன்' உட்லண்ட்ஸில், கார்க் கதவில் தட்டைப் பொருத்தித் தோசை பரிமாறுவார்கள். எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த அந்த இடம் 2008இல் மூடப்பட்டது. செம்மொழிப் பூங்கா இருப்பது அங்கேதான்.

பெயர்ப் பலகை எல்லாரையும் அழைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'பிராமணாள்' என்ற சொல்லைத் தாங்கிய பலகைகள் தமிழ்நாட்டு ஊர்களில் ஏராளம். ஒரு பிரிவினருக்கு உள்ளறை, மற்றவர்களுக்கு முன்கூடம், சிலருக்கு அதுவும் இல்லை என்பது அன்றைய ஏற்பாடு. இந்திய அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் 15ஆம் பிரிவு உணவகங்களுக்குள் நுழைவதைச் சாதி, மதம் காட்டித் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே விதித்தது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், ஓட்டலில் உள்ள பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. ஒரு குவளைக்காகச் சட்டம் எழுத வேண்டியிருந்தது! அதன் பிறகும் 1957இல் திருவல்லிக்கேணி உணவகம் ஒன்றின் பலகையை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். கிராமத்துத் தேநீர்க் கடைகள் சிலவற்றில் இரட்டைக் குவளை பல்லாண்டுகள் நீடித்தது. கோயிலுக்குப் போகும் குடும்பங்களிலும் இதை எண்ணி வருந்தும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது.

பெங்களூரில் மையா சகோதரர்கள் 1924இல் தொடங்கிய கடையின் பெயரும் 'பிராமின் காபி கிளப்' என்றுதான் இருந்தது. அவர்களில் இளையவரான யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா சென்று அங்குள்ள உணவகங்களின் சுத்தத்தைப் பார்த்து வந்தார். பாத்திரங்களைக் கொதிநீராவியில் கழுவும் முறை வந்தது. சாப்பிட வருகிறவர் அடுப்படியைப் பார்க்கலாம் என்றார்கள். 1960இல் லால்பாக் சாலைக்கு இடம் மாறியபோது சாதிப் பெயர் போய், 'மாவள்ளி டிஃபன் ரூம்ஸ்' ஆயிற்று. சுத்தம் என்றால் பிறப்பு என்றிருந்தது, சுத்தம் என்றால் வெந்நீர், திறந்த கதவு என்று மாறிய இடம் இது. அரிசி கிடைக்காத இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரவா இட்லியைக் கண்டுபிடித்ததும் தாங்களே என்பார்கள். நெருக்கடிநிலையின்போது அரசு விலையைக் குறைக்கச் சொன்னபோது, தரத்தைக் குறைக்க மனமின்றி, அன்றன்றைய நட்டத்தை எழுதி வாசலில் வைத்து, கடைசியில் கடையையே மூடினார்கள். மீண்டும் திறந்தது 1984இல்.

பிற ஊர் உணவுகள் நம் ஓட்டல்களைக் கெடுத்துவிட்டன என்று சலித்துக்கொள்வது பெரியவர்களின் வழக்கம். சற்று நிதானமாக எண்ணிப் பார்த்தால், உடுப்பி ஓட்டலின் பெருமையான மசாலா தோசையே ஒரு கலப்புதான். நடுவில் இருக்கும் உருளைக்கிழங்கும் மிளகாயும் போர்ச்சுகீசியர் காலத்தில் கடல் கடந்து வந்தவை. ஆசாரமான வீடுகளில் சிராத்தச் சமையலில் இன்றும் இடம் பெறாதவை. வெங்காயத்தைச் சொல்லவே வேண்டாம். மடைப்பள்ளியை விட்டு வெளியே வந்த அன்றே ஓட்டல் சமையல் பிற நாட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

பேரன் கேட்ட மஞ்சூரியனுக்கு மஞ்சூரியாவோடு எந்த உறவும் இல்லை. கொல்கத்தாச் சீனக் குடும்பத்தில் பிறந்த நெல்சன் வாங், 1975இல் பம்பாயில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு கரம் மசாலாவுக்குப் பதிலாக சோயா சாஸைச் சேர்த்துக் கோழியில் செய்தது அது. சைவ ஓட்டல்கள் கோழியை எடுத்துவிட்டுக் காலிஃபிளவரை வைத்தன. அதன் சிவப்பு நிறத்துக்காகச் சிலர் சேர்த்த தீய சாயத்தைக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை செய்தது. பேரனுக்கு வாங்கித் தரலாம். கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தால் வேண்டாம்.

விரதமும் நியமமும் உள்ளவர்கள் இத்தகைய ஓட்டலில் சில விவரங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வட இந்தியக் குழம்புகளுக்கு வெங்காயம், தக்காளி அரைத்த அடிக்குழம்பைக் காலையிலேயே செய்து வைத்துவிடுவார்கள். ஆகவே மாலையில் "வெங்காயம் இல்லாமல்" என்று கேட்டால் சர்வர் தலையாட்டுவாரே தவிர, சமையற்காரர் ஒன்றும் செய்ய முடியாது. 'ஜைன' வகை என்று தனியாக இருந்தால் அதைக் கேட்கலாம். அதில் உருளைக்கிழங்கும் இராது. நான் மாவில் சிலர் முட்டை சேர்ப்பதுண்டு. இத்தாலிய 'பார்மசான்' சீஸ் மரபுப்படி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் பாலை உறைய வைத்துச் செய்வது. பெயரைப் பார்த்து மயங்காமல் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தாய்லாந்துக் குழம்பு விழுதில் கருவாட்டு இறால் சேர்ப்பது அந்நாட்டு வழக்கம். தானியம் சேர்க்காத உபவாசம் இருப்பவர்கள் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஏகாதசியன்று உடுப்பியில் அன்னப் பந்தி கிடையாது. அன்று ஓட்டலுக்கே போகாமல் இருப்பது எல்லாவற்றையும்விட எளிது.

பாட்டியின் கேள்விக்குச் சர்வர் உடனே பதில் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்க் கேட்டு வருகிறார். "சாதா தோசை இருக்கு, பாட்டி. சாம்பார்ல வெங்காயம். தேங்காய்ச் சட்னி கொண்டு வரேன்." தமிழ் கொஞ்சம் தட்டுகிறது. எந்த ஊர் என்று கேட்கிறார் பாட்டி. அசாம் என்கிறார் அந்தப் பையன். உள்ளே தோசைக் கல்லில் நிற்பவரும் அவன் ஊர்க்காரர்தானாம்.

"அவ்வளவு தூரமா?" என்கிறார் பாட்டி. "மணி எட்டாச்சே, நீ சாப்பிட்டியாப்பா?"