மெதுவாக நடப்பவரும் வரலாம்: சிறு குழு இயற்கை உலா

பணி ஓய்வு பெற்ற பிறகும் முழங்கால் வலி தொடங்கிய பிறகும் பலர் வெளியே செல்வதைக் குறைத்துக்கொள்கிறார்கள். “நான் மெதுவாக நடப்பேன், மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடும்” என்ற தயக்கமே அவர்களை வீட்டில் இருத்திவிடுகிறது. அத்தகையோருக்கு ஏற்ற நடவடிக்கைதான் சிறு குழு இயற்கை உலா.

ஏன் சிறு குழு?

குறுகிய பலகைப் பாதையில் 40 பேர் வரிசையாகச் சென்றால், கடைசியில் வருபவருக்கு வழிகாட்டி சொல்வது கேட்காது. அவர் பின்தங்குவதும் யார் கண்ணிலும் படாது. எட்டிப் பிடிக்க விரையும்போது கால் தடுக்கி விழலாம்.

ஏழெட்டுப் பேர் சென்றால் நிலைமை வேறு. ஆக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாகிவிடும். ஒரு பறவையைப் பார்க்கவோ ஓர் இலையை முகர்ந்து பார்க்கவோ அனைவரும் அடிக்கடி நிற்பார்கள். “கொஞ்சம் உட்காரலாமா?” என்று யாரும் கேட்காமலேயே கால்களுக்கு ஓய்வு கிடைக்கும்.

உடலுக்கு நன்மை

பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. விறுவிறுப்பான நடை அதில் சேரும். உங்கள் வேகம் சரியா என்று அறிய எளிய வழி உண்டு: நடக்கும்போது பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கவேண்டும். பேசவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். மெதுவான நடையும் உட்கார்ந்தே இருப்பதைவிட நல்லது.

மனத்துக்கு நன்மை

நீண்டகாலத் தனிமை மனத்தை மட்டுமன்றி இதயத்தையும் பாதிக்கக்கூடும். சிறு குழுவில் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியும். நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால், “ஏன் வரவில்லை?” என்று விசாரிக்க ஆள் இருப்பார்.

எங்கே தொடங்கலாம்?

• பூமலை: 2015ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. நிழலும் இருக்கைகளும் நிறைய உண்டு. முதல் உலாவுக்கு ஏற்றது.

• சுங்கை பூலோ சதுப்புநிலம்: பெரும்பாலும் சமதளப் பாதை. செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியா போன்ற தொலைதூர இடங்களிலிருந்து பறவைகள் வந்து தங்கும். நீர் வற்றும் நேரத்தில், சேற்றில் துள்ளித் திரியும் மீன்களைக் காணலாம். முதலைகளும் உள்ளதால் பாதையைவிட்டு இறங்காதீர்கள்.

• புக்கிட் தீமா: உச்சி 163 மீட்டர் உயரம்தான் என்றாலும் ஏற்றம் செங்குத்தானது. சில மாதங்கள் பழகிய பிறகு முயலுங்கள்.

புறப்படும் முன்

• நீரிழிவு, இதயநோய், மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

• நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு, நடுக்கம், திடீர் வியர்வை ஏற்பட்டால் உடனே குழுவினரிடம் சொல்லுங்கள்.

• வெயில் ஏறும் முன், காலையிலேயே புறப்படுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் அருந்துங்கள்.

• வழுக்காத காலணி அணியுங்கள். கொசு விரட்டி மருந்து பூசிக்கொள்ளுங்கள்.

• குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பைகளைக் கையில் ஏந்திச் செல்லாதீர்கள்.

• இடி கேட்டால் உலாவை நிறுத்திவிட்டு, கட்டடத்துக்குள் செல்லுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

உடனே நிறுத்துங்கள்

நெஞ்சுவலி, கடுமையான மூச்சுத்திணறல், மயக்கம், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் நடப்பதை நிறுத்தி, 995 என்ற எண்ணை அழையுங்கள். ஒருவர் பாதிக்கப்பட்டவருடன் இருக்கட்டும். இன்னொருவர் மருத்துவ உதவியாளர்களுக்கு வழிகாட்ட நுழைவாயிலுக்குச் செல்லட்டும். குழுவாகச் செல்வதன் பயன் இங்கேயும் தெரியும்.

இன்றே ஓர் அடி

உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் விசாரியுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் வழிகாட்டி உலாக்கள் பற்றியும் கேட்டறியலாம். குழு எதுவும் இல்லையென்றால், அண்டை வீட்டார் இருவரை அழைத்துக்கொண்டு அரை மணி நேரம் அருகிலுள்ள பூங்காவில் நடந்து பாருங்கள். மூவர் சேர்ந்தாலே அது ஒரு குழுதான்.