சைரன் கேட்டால் இறங்காதே

பனிச்சறுக்கில் எல்லாமே இறக்கம்தான். ஆனால் நியூசிலாந்தின் ருவாபெஹு மலையில் சைரன் ஒலித்தால், இறங்கித் தப்ப நினைப்பவர்தான் ஆபத்தைத் தேடிப் போகிறார். பள்ளத்தைவிட்டு விலகிப் பக்கத்து மேட்டில் ஏறிவிட வேண்டும் என்பதே அங்கு விதி. காரணம், அது அடங்காத எரிமலை.

வடக்குத் தீவின் மிக உயரமான மலை அது, 2,797 மீட்டர். குளிர்காலத்தில் அதன் சரிவுகளில் ஸ்கீயும் ஸ்னோபோர்டும் களைகட்டும். அடியில் அவ்வளவு சூடு இருந்தும் பனி ஏன் உருகுவதில்லை? பாறை வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். சூடு மேலே வருவது பெரும்பாலும் உச்சியிலுள்ள எரிமலை வாய் வழியாகத்தான். அந்த வாயில் நிற்பது ஓர் ஏரி. அதன் நீர் கடும் அமிலம். சில மாதங்களில் 40 டிகிரி செல்சியஸ்வரை சூடேறும், பிறகு 15 டிகிரி அளவுக்கு ஆறும்.

நெருப்பைவிட இந்தத் தண்ணீர்தான் அங்கே பெரிய அச்சம். வெடிப்பு ஏரிநீரை வெளியே வீசும். அது பனியையும் சாம்பலையும் பாறைகளையும் வாரிக்கொண்டு, குழைத்த கான்கிரீட் போலக் கனத்துப் பாயும். இந்தச் சேற்றுவெள்ளத்தின் பெயர் லஹார். ஆளை ஓடி முந்தவிடாத வேகம் அதற்கு. ஆனால் ஆற்றைப் போலவே பள்ளம் பார்த்துத்தான் போகும். மேட்டில் நிற்பவர் பிழைப்பது அதனால்தான்.

லஹாருக்கு வெடிப்புகூடத் தேவையில்லை. 1945 வெடிப்பின் சாம்பல் ஏரியின் விளிம்பில் கரைபோலப் படிந்திருந்தது. 1953 டிசம்பர் 24 இரவு அது உடைந்தது. பாய்ந்த வெள்ளம் தாங்கிவாய் ரயில் பாலத்தைச் சிதைக்க, அதன்மேல் வந்த ரயில் கவிழ்ந்து 151 பேர் இறந்தனர்.

வெடிப்பை முன்கூட்டிக் கணித்துவிடலாமே என்றால், 2007 செப்டம்பர் 25 அதற்குப் பதில் சொன்னது. 0 முதல் 5 வரையான எச்சரிக்கை அளவில் மலை வழக்கமான 1-இல் இருந்தபோதே அன்றிரவு திடீரென வெடித்தது. பறந்து வந்த பாறையொன்று, உச்சிக்கருகே சிறு குடிலில் தங்கியிருந்த மலையேறி ஒருவரின் காலை நசுக்கியது. பின்னர் அந்தக் காலை அகற்ற நேர்ந்தது. சறுக்குநேரம் முடிந்திருந்ததால் சரிவுகளில் கூட்டம் இல்லை.

ஆகவே அங்குள்ள நிலநடுக்கமானிகளும் காற்றழுத்த உணர்விகளும் வெடிப்பை ஆரூடம் சொல்வதில்லை. வெடித்த கணமே கண்டுபிடித்துச் சைரனை ஊதுகின்றன. கிடைப்பது சில நிமிடங்களே. எந்தப் பக்கம் மேடு என்பதைச் சறுக்கத் தொடங்கும் முன்பே பார்த்துவைத்திருக்க வேண்டும்.