வசதிக் கோரிக்கைகளும் மறுப்பின் பதிவும்

மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள்; அத்தகைய மென்பொருள் திட்டங்கள் பெரும்பாலும் பயனர் முறையீடுகளுக்கெனப் பொதுப் பதிவேடு ஒன்றைப் பேணுகின்றன. இருப்பது சரியாக இயங்கவில்லை என்னும் முறையீடு வழு எனவும், இல்லாத ஒன்று வேண்டும் என்னும் விண்ணப்பம் வசதிக் கோரிக்கை எனவும் பிரிக்கப்படும். டெபியன் இயங்குதளத்தின் பதிவேடு முறையீடுகளைக் கடுமைக்கேற்ப ஏழு படிகளாக வகுத்து, கடைசிப் படியான 'விஷ்லிஸ்ட்' என்பதில் கோரிக்கைகளையும், வடிவமைப்புக் காரணங்களால் திருத்த மிகக் கடினமான வழுக்களையும் சேர்த்து வைக்கிறது.

கோரிக்கையைப் பரிசீலிப்பது வழுவைத் திருத்துவதைவிட நுட்பமான பணி. ஒரு வசதிக்கான நிரலை எழுதித் தந்தவர் விலகிச் செல்லலாம். ஆனால் அதைச் சோதிப்பதும், ஆவணப்படுத்துவதும், அதை நம்பி எழுதப்பட்ட பிற நிரல்கள் முறியாமல் காப்பதும் பராமரிப்பாளர் தோளில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அவர்களுள் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை அறியவும் வழி வேண்டும். மென்பொருள் திட்டங்கள் பல இயங்கும் கிட்ஹப் தளத்தில் 'எனக்கும் வேண்டும்' எனப் பொருள்படும் '+1' பதில்கள் குவிந்து உரையாடலையே மறைத்ததால், 2016 ஜனவரியில் பராமரிப்பாளர் பலர் அத்தளத்துக்கு எழுதிய திறந்த மடல் ஒன்றில் கையெழுத்திட்டனர். அவ்வாண்டு மார்ச்சில் கட்டைவிரல் போன்ற எதிர்வினைக் குறிகள் அங்கு அறிமுகமாயின. எனினும் ஆதரவின் அளவு தேவையைக் காட்டுமேயன்றி, அந்த வசதி மென்பொருளின் அமைப்போடு பொருந்துமா என்பதைக் காட்டாது.

ஆகவே சில கோரிக்கைகளை மறுக்கத்தான் வேண்டும்; காரணத்தோடு எழுதப்பட்ட மறுப்பே இப்பணியின் உயிர்நாடி எனலாம். பைத்தான் நிரல்மொழியில் பெரிய மாற்றங்கள் 'பெப்' எனப்படும் எண்ணிட்ட முன்மொழிவுகளாக எழுதப்படுகின்றன; ஏற்கப்படாதவையும் அழிக்கப்படுவதில்லை. ஒரு மதிப்பைப் பல வாய்ப்புகளோடு ஒப்பிட்டு வழி பிரிக்கும் 'ஸ்விட்ச்' கூற்றைக் கோரி 2001இல் எழுந்த 275ஆம் பெப் ஏற்கப்படவில்லை. மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோஸம் 2006இல் தாமே எழுதிய 3103ஆம் பெப்பையும், 2007இல் பைத்தான் பயனர்களின் பைக்கான் மாநாட்டு உரையின்போது சிறு கருத்துக்கணிப்பு நடத்திப் போதிய ஆதரவில்லை எனக் கண்டபின், அக்காரணத்தைக் குறித்தே நிராகரித்தார். மதிப்பை மட்டுமன்றித் தரவின் வடிவத்தையும் ஒப்பிடும் 'மேட்ச்' கூற்றாக அத்தேவை பின்னர் வேறு உருவெடுத்து, 2021 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.10 பதிப்பில் இடம்பெற்றது. அதன் இலக்கணத்தை வரையறுத்த 634ஆம் பெப்பின் இரு ஆசிரியர்களில் ஒருவர் வான் ரோஸம்.