டூயட் இல்ல, ஹனிமூன் இல்ல... குன்னூர் வீட்டுல ஒரு குடும்பச் சண்டை! 'கபூர் அண்ட் சன்ஸ்' ஏன் இன்னும் பிடிக்குது?

ஊட்டி, குன்னூர் பக்கம் கேமராவைத் தூக்கிட்டு வந்தா பெரும்பாலும் ஒரே வேலைதான். பாட்டு! 'தில் சே' (1998) படத்துல, அதாவது நம்ம 'உயிரே'வுல, ஷாருக் கான் ரயில் கூரை மேல ஆடியது நீலகிரி மலை ரயிலில்தான். ஜோடி வரும், ஆடும், கீழே இறங்கிடும். கேத்தியிலேயே குடியிருக்கும் வாத்தியாராக கமல் வந்த 'மூன்றாம் பிறை' (1982) மாதிரி விதிவிலக்குகள் கம்மி.

அப்படி ஒரு விதிவிலக்குதான் 2016 மார்ச் 18-ல் வெளியான 'கபூர் அண்ட் சன்ஸ்'. ஷகுன் பத்ரா இயக்கிய இந்த இந்திப் படத்துல குன்னூர் என்பது சுற்றிப் பார்க்கும் ஊர் இல்லை. பிள்ளைகள் திரும்பி வரவேண்டிய சொந்த ஊர்.

தாத்தாவின் ஒரே ஆசை

90 வயசு தாத்தாவுக்கு ஹார்ட் அட்டாக். வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேரன்களும் குன்னூருக்கு ஓடி வர்றாங்க. மூத்தவர் ராகுல் (ஃபவாத் கான்), லண்டனில் பெயர் வாங்கிய எழுத்தாளர். இளையவர் அர்ஜுன் (சித்தார்த் மல்ஹோத்ரா), எழுத்தில் ஜெயிக்க இன்னும் போராடிக்கிட்டு இருக்கிறவர். நடுவுல டியா (ஆலியா பட்) வந்ததும் ரொமான்ஸ் ட்ராக் ஸ்டார்ட். தாத்தா கேட்பது ஒண்ணே ஒண்ணுதான்: எல்லோரும் சேர்ந்து நிற்கும் ஒரு குடும்ப ஃபோட்டோ.

அந்தத் தாத்தாவாக நடிச்ச ரிஷி கபூருக்கு அப்போ வயசு 63. ஆஸ்கர் வாங்கிய ஹாலிவுட் மேக்கப் கலைஞர் கிரெக் கேனம்தான் அவரை 90 வயசுக்காரராக மாற்றினார். சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் ரிஷிக்குக் கிடைச்சது.

காமெடி எங்கிருந்து வருது?

இந்தப் படத்துல தனி காமெடி ட்ராக் கிடையாது. பிளம்பர் வீட்டுக்கு வந்து பைப்பைச் சரி செய்யும் சீனைப் பாருங்க. ஒரு பக்கம் தண்ணி பீய்ச்சி அடிக்குது, இன்னொரு பக்கம் அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்துல கத்துறாங்க. யார் பேசுவதும் யார் காதிலும் விழாது. வெளியாள் நிற்கிறாரே என்ற கூச்சமும் இல்லை. நம்ம வீடுகள்ல நடக்காததா என்ன?

ஆனா கவனிச்சா ஒண்ணு புரியும். அவங்க சண்டை போடும் விஷயம் வேற, மனசுல இருக்கும் விஷயம் வேற. சிரிப்பும் அதிலேதான் இருக்கு, வலியும் அதிலேதான் இருக்கு.

'பெர்ஃபெக்ட்' பிள்ளை (ஸ்பாய்லர் அலர்ட்!)

'அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோ' என்ற டயலாக்கைக் கேட்காத தம்பி உண்டா? அர்ஜுனின் காயம் அதுதான். ஆனா அந்த பெர்ஃபெக்ட் பட்டத்தால அண்ணனுக்கும் நிம்மதி இல்லை. ராகுல் தன்பாலின ஈர்ப்பாளர். அதை வீட்டில் சொல்ல முடியாமல் வருஷக்கணக்கா மறைக்கிறார். உண்மை தெரியும்போது அம்மா (ரத்னா பாடக் ஷா) உடைஞ்சு போறார். ஆனா மகனுக்காக அவரே செய்த ஒரு தப்பும் அதே நேரத்துல வெளியே வருது. அர்ஜுன் எழுதிய கதையை ராகுலுக்கு ரகசியமாகக் கொடுத்தது அவர்தான்.

அன்றைய சூழலையும் சேர்த்துப் பார்க்கணும். படம் வந்தபோது தன்பாலின உறவு சட்டப்படி குற்றம். சட்டப்பிரிவு 377-ன் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2018 செப்டம்பர் 6-ல்தான். இந்திப் படங்கள் இப்படிப்பட்ட கதாபாத்திரங்களைக் கேலிக்குப் பயன்படுத்திய காலத்துல, ராகுலை வெச்சு ஒரு ஜோக் கூட அடிக்காதது பெரிய விஷயம்.

கட் அவுட்டை மறக்காதீங்க

தாத்தாவுக்கு நடிகை மந்தாகினி மேல கிரேஸ். ஆளுயர கட் அவுட்டே வந்துடுது. மந்தாகினி அறிமுகமான 'ராம் தேரி கங்கா மைலி' (1985) படத்தை இயக்கியவர் ரிஷியின் நிஜ அப்பா ராஜ் கபூர் என்பது தெரிஞ்சா இன்னும் சிரிப்பு வரும். ஆனா கடைசியில் எடுக்கும் குடும்ப ஃபோட்டோவில் ஓர் ஆள் குறைகிறார். அந்த இடத்தில் நிற்பதும் ஒரு கட் அவுட்தான். சிரிக்க வெச்ச அதே அட்டை இப்போ தொண்டையை அடைக்கும்.

தமிழ் எங்கேப்பா?

குன்னூரில் பஞ்சாபிக் குடும்பமா என்று கேட்காதீங்க. பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவ முகாம் இருக்கு. ஓய்வுக்குப் பிறகு இங்கேயே தங்கிவிடும் வடஇந்தியக் குடும்பங்கள் உண்டு. குறை வேற இடத்துல. தேயிலைத் தோட்டம் ஃப்ரேமில் அழகா வருது, அதில் கொழுந்து பறிப்பவங்க கதைக்குள்ள வர்றதில்லை. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல இந்த மலையில்தான் வேரூன்றின. அந்த லைன் வீடுகளிலும் கிண்டல் உண்டு, காதல் உண்டு, அண்ணன் தம்பி சண்டை உண்டு. அதை ஜாலியான குடும்பப் படமாக யாராவது எடுத்தா முதல் டிக்கெட் நமக்கு!

அதுவரை இந்த வீக் எண்டுக்கு 'கபூர் அண்ட் சன்ஸ்' போடுங்க. முடிஞ்சா அண்ணன், தம்பி, அம்மா, அப்பா எல்லோரையும் பக்கத்துல உட்கார வெச்சு!